லஸ்கோ ‘அசல் குகை’ டிக்கெட் என்று 260 யூரோவை உருவிவிட்டார்கள்

ஆதிமனிதர்கள் வரைந்த குகை ஓவியங்களைப் பார்க்கப் பிரான்சின் வெசேர் பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சுற்றுலா டிக்கெட் விற்கும் ஓர் இணையதளம். ‘லஸ்கோ அசல் குகை, ஃபோன்-த-கோம் குகை, லா ரோக் சென் கிறிஸ்டோஃப் பாறைக் குடியிருப்பு, எல்லாம் ஒரே நாளில்’ என்று ஒரு பேக்கேஜ். இரண்டு பேருக்கு 260 யூரோ.

லஸ்கோ ஓவியக் குகை 1963லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டது, இப்போது காட்டுவது அதன் நகலைத்தான். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே சாட்டில் கேட்டாயிற்று: அசலா, நகலா? “அசல்தான். ஆய்வாளர்களுக்கான சிறப்பு அனுமதியில் 6 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.” கூடவே அனுமதி எண், யுனெஸ்கோ முத்திரை போட்ட வவுச்சர். இவ்வளவையும் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அத்தனையும் பொய். 1940ல் கண்டுபிடித்த குகை அது. போருக்குப் பிறகு திறந்துவிட்டதும் தினமும் ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் மூச்சில் வந்த கரியமில வாயுவும் ஈரமும், விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடித்தது. 2001ல் பூஞ்சையும் வந்தது. காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் அனுமதி எதுவும் அங்கே கிடையாது.

கைக்கு வந்தது மோன்டிஞாக்கில் 2016 டிசம்பரில் திறந்த லஸ்கோ 4 நகலின் சாதாரண நுழைவுச்சீட்டு. நகல் அருமையாகத்தான் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அதன் சொந்தத் தளத்திலேயே, இந்த 260 யூரோவில் சிறு பங்குக்கு, யாரும் வாங்கலாம். ஃபோன்-த-கோமில் பட்டியலில் பெயரே இல்லை. பலவண்ண ஓவியங்களை இன்னும் அசலாகவே காட்டும் குகை அது. அதனால் வழிகாட்டியோடு சிறு சிறு குழுவாகத்தான் விடுகிறார்கள். பெயர் இல்லையென்றால் கெஞ்சியும் பயனில்லை. மிச்சம் லா ரோக். ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரப் பாறை. அதற்கு வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும்!

புகார் செய்தால் முதல் பதில்: “லஸ்கோ 4ம் லஸ்கோதானே.” அடுத்து: “நாங்கள் தளம் மட்டும்தான், நடத்துபவரைக் கேளுங்கள்.” நடத்துபவர் எண் எடுப்பதே இல்லை. பிறகு “24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்திருக்க வேண்டும்” என்றார்கள். வராத அனுமதியை எப்படி முன்கூட்டி ரத்து செய்வது? கடைசியில் அடுத்த பயணத்துக்கு 10% தள்ளுபடி கூப்பன். 260 யூரோ போனது போனதுதான்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. லஸ்கோ என்று யார் சொன்னாலும் 2ஆ, 4ஆ என்று எண்ணைக் கேளுங்கள், இரண்டுமே நகல். ஃபோன்-த-கோம், அதே பகுதியில் உள்ள கொம்பரேல் குகை இரண்டுக்கும் அரசின் நினைவுச்சின்ன மையத் தளத்தில் மட்டும் எடுங்கள். அசல் ஓவியம்தான் வேண்டுமென்றால் ரூஃபிஞாக் குகை இருக்கிறது, மின்ரயிலில் உள்ளே கூட்டிப்போவார்கள். வெயில்காலத்திலும் உள்ளே 13 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். சாட்டில் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் தகராறு பதியுங்கள்.