வெற்றுப் பக்கத்தை யார் போடுவது? வேர்டின் செக்‌ஷன் பிரேக்கும் ரைட்டரின் பேஜ் ஸ்டைலும்

முந்நூறு பக்கத்தைத் தாண்டிய ஒரு கட்டுரைத் தொகுப்பை வேர்டில் பக்கம் கட்டினேன். அடுத்த நூலை, வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கட்டினேன். இரண்டிலும் தேவை ஒன்றுதான்: ஒவ்வொரு இயலும் வலப்பக்கத்தில், ஒற்றைப்படை எண்ணில் தொடங்க வேண்டும். முந்தைய இயல் வலப்பக்கத்திலேயே முடிந்துவிட்டால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் விழ வேண்டும். அதில் எண்ணும் வரக்கூடாது, ஹெடரும் (பக்கத்தின் மேலே வரும் தலைப்பு வரி) வரக்கூடாது.

என்டரைத் தட்டித் தட்டிப் பக்கத்தைத் தள்ளுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முன்னால் ஒரு பத்தி கூடினால் பின்னால் எல்லாம் நகர்ந்துவிடும்.

வேர்டில் முறையான வழி, இயல் முடிவில் 'ஆட் பேஜ்' (ஒற்றைப்படைப் பக்கம்) செக்‌ஷன் பிரேக் போடுவது; நூலைத் தனித்தனி அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி அது. வெற்றுப் பக்கத்தை வேர்டே பார்த்துக்கொள்ளும். திரையில் அந்தப் பக்கம் தெரியாது. 45க்கு அடுத்து 47 என்று எண் தாவும். பிரின்ட் பிரிவியூவில் பார்த்தால் 46 வெறுமையாக இருக்கும். அச்சுக்கு இது போதும். ஒரே மூச்சில் கட்டி முடித்து, அப்புறம் கைவைக்கத் தேவையில்லாத நூல் என்றால் வேர்டிலேயே செய்யலாம்.

ஆனால் எந்த நூல் அப்படி முடிகிறது? இரண்டாம் மெய்ப்பில் ஆசிரியர் ஆறாம் இயலையும் ஏழாம் இயலையும் ஒன்றாக்கச் சொன்னார். ஆறின் தலைப்பே இருக்கட்டும் என்றார். நடுவில் இருந்த பிரேக்கை அழித்தேன். ஆறாம் இயலின் பக்கங்களில் எல்லாம் ஏழின் பெயர் ஹெடரில் வந்து உட்கார்ந்துவிட்டது. காரணம் இதுதான்: ஒரு செக்‌ஷனின் ஓரம், ஹெடர், எண் முறை எல்லாம் அதன் முடிவில் உள்ள பிரேக்கில்தான் இருக்கின்றன. அதை அழித்தால் மேலே உள்ள பகுதி கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும். இன்னோரிடத்தில் புது இயல் ஒன்றைப் பிரித்து, முந்தைய ஹெடரோடு இணைக்கும் 'லிங்க் டு பிரீவியஸ்' அணைக்கப்படாமல் இருந்ததைக் கவனிக்காமல் ஹெடரை மாற்றினேன். முந்தைய இயலின் ஹெடரும் சேர்ந்து மாறியது. ஹெடரில், இயல் தலைப்பைத் தானாக எடுத்துக் காட்டும் ஸ்டைல்ரெஃப் ஃபீல்டு வைத்திருந்தால் பெயர்க் குழப்பம் வந்திருக்காது. ஓரமும் எண் முறையும் அப்போதும் பிரேக்கில்தான் இருக்கும்.

ரைட்டரில் இந்தப் பொறுப்பு ஸ்டைலிடம் போகிறது. 'இயல் முதல்' என்று ஒரு பேஜ் ஸ்டைல், அதாவது பெயரிட்டு வைக்கும் பக்க அமைப்பு, உருவாக்கினேன். பக்க அமைப்பு வலப்பக்கம் மட்டும், ஹெடர் கிடையாது, அடுத்த ஸ்டைல் வழக்கமான உள்பக்கம். பிறகு இயல் தலைப்புக்கான ஹெடிங் 1 பத்தி ஸ்டைலின் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பகுதியில், பத்திக்கு முன் பேஜ் பிரேக், அதோடு இந்தப் பேஜ் ஸ்டைல் என்று குறித்தேன். அவ்வளவுதான். ஒரு வரியை ஹெடிங் 1 ஆக்கினால் அது வலப்பக்கத்துக்குப் போய் நிற்கிறது. தேவைப்பட்டால் வெற்றுப் பக்கம் தானாக விழுகிறது. உள்பக்க ஹெடரில் இயல் பெயருக்கான ஃபீல்டு இருப்பதால் பெயரும் தானாக மாறுகிறது. இந்த நூலிலும் இரண்டு இயல்களை இணைக்க வேண்டிவந்தது. ஹெடிங் 1 ஆக இருந்த ஒரு வரியை ஹெடிங் 2 ஆக்கினேன்; பக்கங்கள் தாமே ஒழுங்காகிவிட்டன.

கோப்பைக் கைமாற்றுவதில் வேர்டுக்குத்தான் வசதி. ஆசிரியர் வேர்டில் திருத்துகிறவர் என்றால், ரைட்டர் கோப்பை வேர்டின் டாக்ஸ் வடிவில் அனுப்பி வாங்கும்போது பக்க அமைப்பு கலைய வாய்ப்புண்டு. நான் மெய்ப்பை பிடிஎஃப்பாகவே அனுப்பினேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் பத்தி ஸ்டைலிலேயே 'அடுத்த ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கு' என்று சொல்ல முடியும். ஆனால் அதில் ஒரு சிறுநூல்தான் கட்டியிருக்கிறேன், நீண்ட நூலில் எப்படி என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

ரைட்டரில் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில், தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய்யும் டிக் ஒன்று உண்டு. அது இல்லாமல் போனால் வெற்றுப் பக்கங்கள் கோப்பிலேயே இருக்காது. முதலில் எடுத்த பிடிஎஃப்பில் எனக்கு அப்படித்தான் ஆனது: 47 என்று எண் போட்ட பக்கம் 46ஆவது பக்கமாக, இடப்பக்கத்தில் வந்து நின்றது. பதினாறு பக்கத்தை ஒரு பாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு, மடிக்கும் அச்சகத்துக்கு அப்படியே போயிருந்தால், அங்கிருந்து அடுத்த வெற்றுப் பக்கம் வரை வலமும் இடமும் மாறியிருக்கும். இப்போது அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பை இரண்டு பக்கப் பார்வையில் திறந்து, ஒவ்வொரு இயல் தொடக்கமும் வலப்புறம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.