புது ரகம் உருவாக்க: ஒட்டு வழியா, விதை வழியா, தற்செயலா?

புதுக் கலப்பின ரகம் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எதை எதோடு சேர்க்கலாம் என்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். மனசுக்குப் பிடித்த செடி ஒன்று கிடைத்துவிட்டால் அதை எப்படிப் பெருக்கப் போகிறீர்கள்? குச்சி, ஒட்டு, கிழங்கு என்று அந்தச் செடியையே பிரித்து வளர்க்க முடியுமா, விதை ஒன்றுதான் வழியா? எந்த முறை சரிப்படும் என்பது இதைப் பொறுத்தது.

தனி ஆளுக்குச் சாதகமானவை குச்சியிலும் ஒட்டிலும் பெருகும் செடிகள்தான். ரோஜா, செம்பருத்தி, மா, ஆப்பிள் எல்லாம் மரபிலேயே கலவையானவை. ஒரே செடியின் இரண்டு விதைகள்கூட ஒன்றுபோல் வராது. அதனால் முதல் தலைமுறையிலேயே தேர்வு தொடங்கிவிடும். நூற்றுக்கணக்கான கன்றுகளில் ஒன்று தேறினாலும் போதும், விதையில் குணம் மாறாதபடி அதைத் தூய்மையாக்க வேண்டிய வேலை இல்லை. அம்ராபாலி, மல்லிகா என்ற இரண்டு மா ரகங்களுக்கும் பெற்றோர் தசேரியும் நீலமும்தான், தாயும் தந்தையும் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். அம்ராபாலி குட்டையாக நின்று ஆண்டுதோறும் காய்க்கும், பழம் சிறியது. மல்லிகாவின் பழம் பெரியது. இடம் மாறியதைவிட, ஒவ்வொரு விதையும் தனிச் சேர்க்கை என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம்.

இந்த வழி கேட்கும் விலை காலம். மினசோட்டா பல்கலைக்கழகம் ஹனிகிரிஸ்ப் ஆப்பிளுக்கான சேர்க்கையைச் செய்தது 1960இல், ரகத்தை வெளியிட்டது 1991இல். நடுவில் ஒரு கட்டத்தில் அது கழித்துக்கட்டும் பட்டியலில் இருந்தது. பதிவேட்டில் எழுதியிருந்த பெற்றோர் தவறு என்று பின்னாளில் மரபணுச் சோதனை சொன்னது வேறு கதை. பெற்றோர் பெயரில் குழப்பம் இருந்தும் ரகம் ஜெயித்தது. ஆனாலும், சேர்த்த அன்றே பெற்றோர் பெயரை எழுதிப் பூவில் சீட்டுக் கட்டிவிடுங்கள். மாவில் கூடுதலாக ஒரு தொல்லை: கையால் மகரந்தம் வைத்த பூக்களில் மிகச் சிலவே காயாகி நிற்கும். சில மா ரகங்களிலும் எலுமிச்சைக் குடும்பத்திலும் ஒரே விதையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல்கள். நீங்கள் கலப்பினம் என்று வளர்ப்பது பழைய செடியாகவே இருக்கலாம்.

காய்கறிக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. தக்காளியில் பூ விரியும் முன், மொட்டிலேயே மகரந்தப்பைகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில், அதாவது பெண் பாகத்தின் நுனியில், தடவ வேண்டும். தூய பெற்றோராக இருந்தால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. அவற்றின் விதையைப் போட்டால்தான் குணங்கள் சிதறும், தேடுவதற்கான இடமும் அதுதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் குணங்களை ஒடுங்கு பண்புகள் என்பார்கள். நீங்கள் விரும்பும் அப்படிப்பட்ட மூன்று பண்புகள் ஒரே செடியில் சேர வாய்ப்பு 64இல் 1. அப்படியென்றால் 64 செடி போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றாவது சிக்கும் என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால் சுமார் 190 செடி வளர்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு தன்மகரந்தச் சேர்க்கையிலும் கலவைத் தன்மை பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய 3. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் விதை எடுத்து வைக்கலாம், ரகம் மாறாது. பொறுமை இருந்தால் காய்கறியில் நான் கைகாட்டுவது இதைத்தான்.

போட்டியாக நிற்பது முதல் தலைமுறைக் கலப்பின விதையையே விற்கும் வீரிய ஒட்டு முறை (பெயரில் ஒட்டு இருந்தாலும் இது ஒட்டுக் கட்டுவது அல்ல). வீரியம், சீரான விளைச்சல், ஒரே நேரத்து அறுவடை என்று எல்லாம் இதில் உண்டு. ஆனால் இரண்டு தூய பெற்றோரையும் காலாகாலத்துக்கும் காப்பாற்றி, ஒவ்வொரு பருவமும் மறுபடி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தக்காளியில் ஒரு சேர்க்கைக்கு நூறு விதைக்கு மேல் கிடைப்பதால் கட்டுபடியாகிறது. வெள்ளரி, பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் வேலை எளிது. பட்டாணியிலும் பீன்ஸிலும் அத்தனை சிரமத்துக்கும் கிடைப்பது ஒரு காய், சில விதை. அதனால்தான் அவற்றில் வீரிய ஒட்டு விதையைக் காண்பதே அரிது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இந்த வழி தேவையில்லாத சுமை என்பது என் எண்ணம்.

தற்செயலையும் ஒதுக்கிவிட முடியாது. கிரானி ஸ்மித் ஆப்பிள் ஆஸ்திரேலியாவில் தானாக முளைத்த கன்று. அமெரிக்காவில் 1931இல் வழங்கிய முதல் தாவரக் காப்புரிமையைப் பெற்ற நியூ டான் ரோஜா, டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட் என்ற ரோஜாச் செடியில் தானாகவே தோன்றிய மரபு மாற்றம். தாய் ஒருமுறை பூத்து ஓயும், இது திரும்பத் திரும்பப் பூக்கும். ஆனால் இதைத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

முதல் முயற்சிக்கு எதை எடுக்கலாம் என்றால், தொடர்ந்து பூக்கும் ரோஜாவை. பெரும்பாலான கன்றுகள் விதைத்த ஆண்டிலேயே முதல் பூவைக் காட்டிவிடும், பிடித்ததைக் குச்சியில் பெருக்கலாம். மும்மடிய ரோஜாக்களில் (குரோமோசோம் தொகுதி மூன்று உள்ளவை) மட்டும் விதை பிடிப்பது கடினம். காப்புரிமை உள்ள ரகத்தைப் பெற்றோராக்கும் முன் அதன் நிபந்தனையைப் பாருங்கள். பல நாடுகளின் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பயன்படுத்திப் புது ரகம் உருவாக்க அனுமதிக்கிறது. அனுமதியின்றி குச்சி வெட்டி விற்பதைத்தான் தடுக்கிறது.