மஞ்சக்குப்பம் மூன்று நாள் இலவச 'மன அமைதி முகாம்': போகலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அட்டவணையை வெவ்வேறு அமைப்புகள் எல்லா மதங்களின் பெயராலும் நடத்துகின்றன. மண்டபம் சுத்தம், தண்ணீருக்குக் குறைவில்லை, தொண்டர்கள் "வாங்கண்ணா, வாங்கக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் போக வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. சொற்பொழிவில் பெரிய தப்பு எதுவும் இல்லை. விஷயம் கால அட்டவணையில் இருக்கிறது.

பதிவு மேசையிலேயே கைப்பேசியை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இரவு 11.30க்குப் படுக்கை, விடிகாலை 3.30க்கு மணி. காலையில் கஞ்சி, மதியம் சாம்பார் சாதம், இரவுக்கு ஒரு வாழைப்பழம். இரண்டு ராத்திரி இப்படிப் போனால் யாருக்கும் எதிர்க்கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. சட்டென்று அழுகையும் வரும். அதை "உள்ளம் திறந்துவிட்டது" என்று மைக்கில் அறிவிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மூச்சுப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளக்கை அணைத்து, மேளச் சத்தத்தைக் கூட்டி, 40 நிமிடம் வேகவேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். சிறிது நேரத்தில் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், விரல்கள் தானாக உள்ளே மடங்கும், தலை கிறுகிறுக்கும். "சக்தி இறங்குது" என்பார்கள். உண்மையில் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் தனித்து உலவும் கால்சியம் குறைவதால் விரல் இழுத்துக்கொள்கிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கிறுகிறுப்பு. இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். எந்தச் சாமி படத்துக்கு முன்னால் செய்தாலும், படமே இல்லாமல் செய்தாலும் இதேதான் நடக்கும். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆபத்து. பதிவுப் படிவத்தில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் 'துணை' என்று ஒரு பழைய உறுப்பினரைச் சேர்த்துவிடுகிறார்கள். சாப்பாட்டுப் பந்தியிலும் அவர் பக்கத்திலேயே இருப்பார். புதியவர்கள் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்ள வழியே இல்லை. 1951இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய, கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனைகள் இந்த ஏற்பாட்டின் காரணத்தைக் காட்டிவிடும்: கூட்டமே தப்பான பதிலைச் சொன்னாலும், ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், மற்றவரும் துணிந்துவிடுகிறார். அந்த ஒருவர் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் துணையின் வேலை.

இரண்டாம் நாள் மாலை 'மனச்சுமை இறக்கும் தாள்'. செய்த தப்புகளைப் பெயர், கைப்பேசி எண்ணோடு எழுதித் தரச் சொல்கிறார்கள். சீனச் சிறைகளிலிருந்து வந்தவர்களிடம் பேசி மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961இல் தொகுத்த, மூளைச்சலவையின் எட்டு அடையாளங்களில் இந்தப் பாவ அறிக்கையும் ஒன்று. போயே ஆக வேண்டியவர்கள் இந்தத் தாளில் மட்டும் எதையும் எழுதாதீர்கள். கைப்பேசியையும் தராதீர்கள். "நாளைக்கு மதியமே கிளம்பலாமா?" என்று முதல் நாளே கேளுங்கள், பதில் இழுபட்டால் அப்போதே திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள்தான் கட்டணப் பேச்சு. அடுத்த நிலைக்கு 12,000 ரூபாய், இன்றிரவே பதிய வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினால் பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வீட்டில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், அவருடைய குருவை "ஃபிராடு" என்று திட்டாதீர்கள். "உறவுக்காரங்க எதிர்ப்பாங்க" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் திட்டினால் குரு வாக்கு பலித்ததாகிவிடும். சாப்பாடு, தூக்கம், பழைய நண்பர்கள், வேலை என்று பேச்சை வையுங்கள். அவர் கோபப்பட்டாலும் வாரம் ஒரு போன் நிற்கக் கூடாது. மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தகாத செல்வாக்கைப் பற்றியது, அதாவது ஒருவர் மீதுள்ள பிடியைப் பயன்படுத்தி அவரை இணங்க வைப்பது. மறுமையில் நற்கதி கிடைக்கும் என்று நம்பி முதியவர் ஒருவர் தம் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்த வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890இலேயே அந்தப் பத்திரத்தை ரத்து செய்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பத்திர நகலோடு வக்கீலைத் தாமதிக்காமல் பாருங்கள்.