தனி டிசைன் என்று சொல்லி டாட்டூவுக்கு முன்பணம் கேட்கிறார்களா? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் படிக்கவும்

காரைக்குடியில் ஒரு டாட்டூ கடை, எனக்கென்றே வரைந்து தருவதாகச் சொல்லி டிசைனுக்கு மட்டும் 6,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டது. இப்போது கையில் அரைகுறையாக ஒரு வட்டம் நிற்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த மாதிரி டிசைன் செய்துகொள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

எங்கள் அப்பத்தா வாழ்நாள் முழுக்க விறகடுப்புப் புகையில் சமைத்தவர். நுரையீரல் நோயில்தான் போனார். அவருக்காக என் வலது முன்கையின் உட்புறத்தில் நான் கேட்டது ஒரு ஜோடி நுரையீரல். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, இருபது தடவைக்கு மேல் கிளைத்துத்தான் காற்றுப் பைகளில் முடிகிறது. அந்தக் கிளைகள் தலைகீழாக நிற்கும் புளியமரமாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு வட்டம், அதற்குள் எங்கள் வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் (கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்) எட்டுமுனை நட்சத்திரம். மேலே, அப்பத்தா கையில் பச்சை குத்தியிருந்த புள்ளிக் கோலம். அந்தக் கோலத்தைப் பழைய போட்டோவைப் பார்த்து நானே தாளில் போட்டுக் கொடுத்தேன். நேர்ப்புள்ளி 5-1, மொத்தம் 13 புள்ளி, எங்கும் விடுபடாத ஒரே இழை.

"டிசைனுக்குத் தனி, குத்துறதுக்குத் தனி. உங்களுக்காகவே கையால வரைவேன், வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர். வரைவதும் உழைப்புதான், அதற்குப் பணம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வாங்கிய பிறகு படத்தைக் காட்டவே மாட்டேன் என்றார். கேட்கும்போதெல்லாம் "டிசைன் வெளிய போயிடும்" என்பதே பதில். தேதியும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம் வந்தது.

எங்கள் ஆச்சி (அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்) மதுரையில் நர்ஸாக இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல இதயம் எங்கடி உக்காரும்?" வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. இதயம் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரலின் உள்விளிம்பில் ஒரு பள்ளமும் உண்டு. வலது கிளைக்குழாய் அகலமாக, குட்டையாக, நேராக இறங்கும். குழந்தை எதையாவது விழுங்கிப் புரையேறினால் பெரும்பாலும் வலது பக்கம் போய்ச் சிக்குவது அதனால்தான். இந்தப் படத்திலோ ஒரு பக்கத்தை அப்படியே திருப்பி மறுபக்கமாக ஒட்டியிருந்தார்கள். நட்சத்திரத்தை எண்ணினேன், ஒன்பது முனை. கோலத்தில் இழை நடுவிலேயே அறுந்து, இரண்டு புள்ளிகள் அநாதையாக வெளியே நின்றன. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் அதே மர நுரையீரல் ஏற்கெனவே யார் யார் கையிலோ இருக்கிறது. மற்றதெல்லாம் படம் உருவாக்கும் செயலி போட்டது என்றே நினைக்கிறேன். கோலம் போடத் தெரிந்த கை இழையை அப்படி விடாது.

கேட்டதற்கு, "அடையாளப் படம்தானே, அச்சு அசலா இருக்கணுமா?" என்றார். தெரிந்து மாற்றினால் அது கலை. நுரையீரல் எப்படி இருக்கும் என்றே பார்க்காமல் போட்டது எப்படி என் அப்பத்தாவின் மூச்சாகும்? ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கையால்தான் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அங்கே முனை பிசகுவதில்லை.

திருத்துவதாகச் சொல்லி, குத்தும் நாளன்று டேப்லெட்டில் சரியான படத்தைக் காட்டினார். ஊசியை என் கண்முன்தான் உறை பிரித்தார், அதையும் சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ஊசி வழியாகப் பரவக்கூடியவை. ஆனால் ஸ்டென்சிலை (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிக் கோட்டைப் பதிக்கும் தாள்), கையை மேசையில் மல்லாத்தி வைத்தபடியே ஒட்டினார். உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்கே வரும், தோலும் கூடவே திரும்பும். அதனால் வட்டமும் நேர்கோடும் உள்ள டிசைனை, நின்றுகொண்டு கையை இயல்பாகத் தொங்கவிட்டுத்தான் ஒட்டிப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

நடுவில் எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது வட்டம் முட்டை வடிவில் இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் கோடுகள் நீலமாகக் கசிந்திருந்தன. மை தங்க வேண்டியது மேல்தோலுக்கு அடியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். ஊசி அதைத் தாண்டி இறங்கினால் கொழுப்பில் பரவி இப்படித்தான் நிழலாகும். ஸ்டென்சிலைக் கூர்ந்து பார்த்தேன். ஒன்பது முனை, பழைய படமேதான். அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். பணத்தைக் கேட்டதற்கு "டிசைன் வேலை முடிஞ்சிருச்சு" என்றார். இரண்டு நாளில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தோல் மருத்துவர், கறுப்பு மை என்பதால் லேசரில் நன்றாக மங்கும் என்கிறார். ஆனால் பல தடவை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். நம் நிறத்துத் தோலில் தழும்போ வெளிறிய திட்டோ வராமல் நிதானமாகப் போக வேண்டும். நான் வழக்கமாக ரத்தம் கொடுக்கிறவள். டாட்டூ குத்தினால் 12 மாதம் கொடுக்கக் கூடாது. இந்த அரைகுறை வட்டத்துக்கும் அதே கணக்குதான்.

முழு முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் பென்சில் வரைவைக் கேளுங்கள், வரைகிறவரிடம் அது இருக்கும். இறுதிப் படத்தைக் குத்தப்போகும் அளவிலேயே அச்செடுத்துக் கையில் சுற்றிப் பாருங்கள். முனைகளை எண்ணுங்கள், கோல இழையை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். உடலுறுப்பு இருந்தால் நர்ஸோ மருத்துவ மாணவரோ ஒருவரிடம் காட்டுங்கள். கடையில் காட்டும் புதுசான டாட்டூ போட்டோக்கள் போதாது. ஆறி ஒரு வருடம் ஆனவற்றைக் கேளுங்கள், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றனவா என்பது அதில்தான் தெரியும். ஒட்டிய ஸ்டென்சிலைக் கண்ணாடி முன் நின்று நீங்களே சரிபார்க்கும்வரை ஊசியை வைக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கையின் போட்டோ எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என் புகார் சிவகங்கையில் இருக்கிறது. இருபக்கமும் ஒரே மாதிரியான மர நுரையீரலும் ஒன்பதுமுனை நட்சத்திரமும் உள்ள படம் "உங்களுக்காகவே வரைந்தது" என்று உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள், சான்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.