முட்டம் பக்கம் படகு அறைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

மே லீவில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து குமரி மாவட்டம் போனோம். பிள்ளைகளுக்குப் புதுசாக இருக்கட்டும் என்று முட்டம் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்தைப் பிடித்தேன். பழைய மீன்பிடி வள்ளத்தை மேட்டில் ஏற்றி, கூரை போட்டு அறையாக்கியிருந்தார்கள், படத்தைப் பார்த்ததுமே சின்னவள் துள்ளிக் குதித்தாள். இரண்டு இரவுக்கு 7,000 ரூபாய், முழுசாக ஜிபேயில் போட்டால்தான் அறை உறுதி என்றார்கள். போட்டுவிட்டேன்.

போய் இறங்கினால் வள்ளத்துக்குள் வேறொரு குடும்பம்.

“அதுல ஆளு இருக்குக்கா, நாளைக்கு மாத்தித் தாறேன்” என்று சொல்லி, அங்கிருந்த பையன் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டான். ராத்திரி பத்து மணிக்கும் தகரம் அனலாய்க் கொதித்தது, குழாயில் உப்புத் தண்ணீர் நூலாக வந்தது, முட்டி வலிக்கிற அம்மா கழிப்பறைக்கு இருட்டில் படியிறங்கிப் போக வேண்டியிருந்தது. மறுநாள் வள்ளம் காலியானது. நாங்கள் பெட்டியைக் கட்டுவதற்குள் திருநெல்வேலிக்காரர்கள் அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இருப்பது ஒரே வள்ளம், அதைக் காட்டித்தான் எல்லா அறையையும் விற்கிறார்கள்.

படுக்கையிலிருந்தே கடலில் உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதும் பொய். மே மாதம் முட்டத்தில் சூரியன் கடலில் இறங்குவது உண்மைதான், ஆனால் உதிப்பது நிலத்துப் பக்கம். தனிக் கடற்கரை என்றது வெறும் பாறை. “பிள்ளைகள இறக்கி விடுங்க, ஒண்ணும் ஆவாது” என்றான் அந்தப் பையன், எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பக்கத்துக் கணபதிபுரத்தில்தான் 2024 மே மாதம் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது. நாங்கள் தங்கிய இடத்துப் பாறையருகே ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்லை.

முழுப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் உங்களுக்குத் தரப்போகும் அறையையே காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், இப்படி எத்தனை அறை இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நான் வாட்ஸப் பேச்சை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாராவது கொடுக்க முடிந்தது.

வள்ளம் கைமாறிய அன்று மதியமே நாகர்கோவில் வடசேரியில் ஒரு சாதாரண லாட்ஜுக்கு மாறினோம், 1,200 ரூபாய். நல்ல தண்ணீர் வந்தது, அம்மா தூங்கினார். அந்த வள்ளத்து இல்லத்தின் ஓனர் இன்றுவரை போனை எடுக்கவில்லை.