காசுப் பேழைக்கு எந்த மரம்?

ஆறு மாதம் பூட்டிக் கிடந்த என் ஓக் பேழையைத் திறந்தபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது. வெள்ளிக் காசுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. சாதவாகனர் ஈயக் காசின்மேல் மட்டும் மாவு தூவியதுபோல வெண்பொடி. மெல்லத் துடைத்தேன், யானையின் தும்பிக்கையும் பொடியோடு போயிற்று. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாங்கிய காசு அது.

அன்று முதல் மரத்தின் அழகை நான் பார்ப்பதில்லை. அது விடும் ஆவியைத்தான் பார்க்கிறேன். மரத்திலிருந்து அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் கசிந்து மூடிய இழுப்பறையில் தேங்கும். முதலில் அடிபடுவது ஈயம். ஓக் மரம் இதில் மிக மோசம். வயதானாலும் இந்தக் குணம் போகாது. தேவதாருவின் நறுமணமே எண்ணெய்தான், காசில் பிசுபிசுப்பாகப் படியும். இரண்டும் வேண்டாம்.

மகோகனியில் அமிலம் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நாணயப் பேழைகளுக்குத் தலைமுறைகளாக அதையே விரும்பியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாயம் பூசிய வேறு சிவப்பு மரங்களும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் ஒரு தட்டை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். முகப்பு மகோகனியாகவும் அடிப்பலகை பிளைவுட்டாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள். பிளைவுட்டை ஒட்டும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு ஃபார்மிக் அமிலமாக மாறும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கும் இதே கதிதான். குழிகளில் கம்பளித் துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். கம்பளியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

பவுடர் பூச்சு நன்றாகச் சுடப்பட்ட எஃகுப் பெட்டியில் அமிலத் தொல்லை இல்லை. மரம்போல ஈரத்தை வாங்கித் தணிக்கும் குணமும் அதற்கு இல்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தே ஆக வேண்டும். வெளிர்பச்சைப் பொடி உதிரும் வெண்கல நோய்க் காசுகளுக்கு அந்த வறட்சிதான் தேவை. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மரப் பேழையை அவ்வளவு உலர்த்தினால் பலகை கோணிக்கொள்ளும்.

என் தேர்வு இதுதான்: வெள்ளிக்கும் நோயில்லாத செம்புக்கும் மகோகனி, ஈயமும் நோய்பட்ட வெண்கலமும் தனித்தனி எஃகுப் பெட்டிகளில். ஈயத்தை எந்த மரத்தை நம்பியும் நான் இனி வைப்பதாக இல்லை.

மரத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட முறையில் மரத்துண்டு, சிறிது நீர், ஈய, செம்பு, வெள்ளித் தகடுகள் ஆகியவற்றைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். ஈயத் தகடு வெளுத்தால் அந்த மரம் காசுக்கு ஆகாது.