கடலை ஜீனோமும் எங்க வீட்டு யூபிஎஸ்ஸும்: ரெண்டு வருஷ அனுபவம்

கோயம்புத்தூர்ல கரும்புல வேலை பாக்குற ஃப்ரெண்டு நேத்து கேட்டான், நீ வச்சிருக்க மாதிரி, துண்டு துண்டா படிச்ச டிஎன்ஏவைக் கோத்து செடியோட முழு ஜீனோமை எடுக்குற கம்ப்யூட்டர் ஒண்ணு நானும் வாங்கவான்னு. போன வாரம்தான் அதுக்குக் கரண்ட் கொடுக்குற எஸ்எம்பிஎஸ் கருகி மாத்திட்டு வந்தேன், செம கடுப்புல இருக்கேன், அதை மனசுல வச்சுப் படிங்க.

256 ஜிபி ரேம், 16 கோர். வேலை நிலக்கடலை. காட்டுக்கடலை ரெண்டு சேந்து வந்த செடி, டுரானென்சிஸ்ங்கிற காட்டுச்செடி கொடுத்த குரோமோசோம் செட்டு ஏ, இபயென்சிஸ் கொடுத்த செட்டு பி, மொத்தம் 40 குரோமோசோம், 250 கோடி டிஎன்ஏ எழுத்து. ஏ-வும் பி-யும் பங்காளிங்க. எங்க பக்கம் விசேஷம் முடிஞ்சு வளவுல பாத்திரம் பிரிக்கிறதைப் பாத்திருக்கீங்களா, எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர், வெட்டியிருக்க இனிஷியலைப் பாத்துத்தான் இது பெரியவுக வீடு இது சின்னவுக வீடுன்னு ஒதுக்குவாக. ரீடுன்னா மெஷின் ஒரே மூச்சுல படிக்கிற டிஎன்ஏ துண்டு, 150 எழுத்து ரீடுல அந்த இனிஷியல் பல இடத்துல சிக்கவே சிக்காது, ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். அதனாலதான் 2016ல காட்டுச்செடி ரெண்டையும் முதல்ல படிச்சாங்க, பயிர்க்கடலையோட முழு ஜீனோம் 2019லதான் வந்துச்சு. ஹைஃபைன்னு நீளமான ரீடு ஒண்ணு இருக்கு, 15,000 எழுத்து வாக்குல இருக்கும், ஆயிரத்துக்கு ஒரு தப்பு வந்தா பெருசு, எங்கயாவது இனிஷியல் மாட்டிரும்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டாங்கட்டுல ஆத்தங்குடிக் கல்லு மேல வெறுந்தரையில கிடக்கு, சித்திரையிலயும் ஏசி இல்லாம ஓடுது.

ஆனா அந்த யூபிஎஸ்! கடைக்காரர் தலையில கட்டுனது. இருபது நிமிஷம் தாங்கும்னாரு, ஃபுல் லோடுல நாலு நிமிஷம், அந்த நாலு நிமிஷமும் கீ கீன்னு கத்தல். ஆச்சி முகப்புல இருந்து "யாருடா பால் குக்கரை அடுப்புலயே விட்டது"ன்னு சத்தம் போடுவாக. ரீடுகளைக் கோக்குற சாஃப்ட்வேர் ஹைஃபைஆஸ்ம், முதல்ல ரீடுல இருக்க பிழையைத் திருத்தும், திருத்தி முடிச்சிட்டா .bin ஃபைலா எழுதி வச்சுக்கும், அதே பேர்ல திரும்ப ஓட்டுனா அங்கருந்து தொடங்கும், அது எனக்கு ரொம்ப நாள் தெரியாது, தெரிஞ்ச அன்னைக்கு ஆச்சிக்குப் பால்கோவா வாங்கிட்டு வந்தேன். ஆனா திருத்தி முடியறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா முதல்ல இருந்துதான். மூணு தடவை. மூணாவது தடவை திருத்தி முடிய இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருந்திருக்கும், அதுக்குள்ள போச்சு.

கரும்புக்கு? டேய், நூத்துக்கு மேல குரோமோசோம்டா, ஒவ்வொண்ணுக்கும் எட்டு பத்து காப்பி, அதுவும் எண்ணிக்கை ஒரே சீரா இருக்காது. ஆர்570 ரகத்தோடது 2024லதான் வெளியாச்சு, 870 கோடி எழுத்து. இங்க ரெண்டு பங்காளி, அங்க ஊர்ப்புள்ளி மொத்தமும் ஒரே பந்தியில. உங்க கரும்பு ரகம் கோ 86032-ஐ இந்தப் பெட்டியில போட்டுட்டு என்னைத் திட்டாத.

கடலைக்குன்னா மெஷினுக்கு பத்துக்கு ஒம்போது கொடுப்பேன். வாங்கலாமான்னா வேணாம், வீட்டுக் கரண்டை நம்பி கடலைக்கும் வேணாம், பேசாம சர்வர் வாடகைக்கு எடு. யூபிஎஸ் மட்டும் வேணும்னா காரைக்குடி வந்து தூக்கிட்டுப் போ, காசு வேணாம், பஸ் சார்ஜும் நானே தர்றேன்.